மஞ்சள் ரோஜாவைத் தந்தவர்... கூடவே கரும்புள்ளியையும்! யார் இந்த ஜோசப் பெர்னே-டூஷே?

நர்சரியில் ஆசைப்பட்டு ஒரு மஞ்சள் ரோஜா வாங்கி வருகிறோம். முதல் பூ விரிந்ததும் போட்டோ, ஸ்டேட்டஸ், நாலு பேர் விசாரிப்பு எல்லாம் நடக்கிறது. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொள்கிறது. ஒருநாள் காலை காபியோடு மாடிக்குப் போனால், அடி இலைகளில் மை சிந்தியது போல கறுப்பு வட்டங்கள். ரெண்டு மூணு நாளில் அந்த வட்டத்தைச் சுற்றி இலை பழுக்கிறது. அடுத்த பத்து நாளில் செடி வெறும் குச்சி.

அதே மண், அதே உரம், அதே தண்ணீர்தான். பக்கத்துத் தொட்டியில் இருக்கும் ரோஸ் நிறச் செடிக்கு இந்த அளவு சேதம் இல்லை. மஞ்சளுக்கு மட்டும் ஏன் இப்படி?

நம் வளர்ப்பில் குறை இருக்கலாம். ஆனால் முழுக் காரணம் அது மட்டும் இல்லை. இதற்கான பதில், நூறு வருஷத்துக்கு முன்பு பிரான்ஸின் லியோன் நகரத்தில் வாழ்ந்த ஒரு மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது. பெயர் ஜோசப் பெர்னே-டூஷே. ரோஜா உலகம் அவரை லியோனின் மந்திரவாதி என்று கொண்டாடியது. யார் அவர், என்ன செய்தார், அதற்கும் உங்கள் தொட்டிக்கும் என்ன தொடர்பு? பார்க்கலாம்.

நாற்றங்காலில் வளர்ந்த பையன்

1859-ல் லியோனை ஒட்டிய வில்லர்பான் என்ற ஊரில் பிறந்தார் ஜோசப் பெர்னே. அப்பா ஜான் பெர்னே ரோஜா வளர்த்து விற்பவர். அந்தக் காலத்தில் ரோஜாத் தொழிலுக்குத் தலைநகரம் என்றால் லியோன்தான். ஊரைச் சுற்றிலும் நாற்றுப் பண்ணைகள். புது ரகங்களை உருவாக்குவதில் குடும்பத்துக்குக் குடும்பம் போட்டி.

தொழில் கற்றுக்கொள்ள வேறு பண்ணைகளுக்கு வேலைக்குப் போனார் ஜோசப். அப்படிப் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று டூஷே குடும்பத்தின் பண்ணை. அதை நடத்திய கிளோத் டூஷே 1874-லேயே இறந்துவிட்டார். அவருடைய மனைவிதான் பண்ணையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஜோசப், அந்த வீட்டு மகள் மரியைக் கல்யாணம் செய்துகொண்டார். மனைவியின் குடும்பப் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அப்படித்தான் பெர்னே, பெர்னே-டூஷே ஆனார். ரோஜாத் தொழிலில் மதிப்புள்ள ரெண்டு வீடுகள் ஒரே பெயருக்குள் வந்துவிட்டன.

அப்போது மஞ்சள் ரோஜாவே இல்லையா?

இருந்தது. ஆனால் ஐரோப்பிய வீட்டுத் தோட்டங்களுக்கு ஒத்துவரவில்லை.

சீனாவிலிருந்து வந்த தேயிலை ரோஜா வம்சத்தில் வெளிர் மஞ்சள் பூக்கள் உண்டு. வெண்ணெய் நிறம், எலுமிச்சைத் தோல் நிறம், அவ்வளவுதான். வெயில் பட்டால் அதுவும் வெளுத்துவிடும். ஐரோப்பியக் குளிரை அந்தச் செடிகள் தாங்குவதும் கஷ்டம். குளிர் தாங்குகிற, பெரிய பூ பூக்கிற தோட்ட ரோஜாக்களில் வெள்ளை, ரோஸ், சிவப்பு, ஊதா எல்லாம் இருந்தன. சூரியகாந்தி மாதிரி பளிச்சென்ற மஞ்சள் மட்டும் இல்லை.

அந்த நிறம் வேறொரு செடியில் இருந்தது. மேற்கு ஆசியாவைச் சேர்ந்த ரோசா ஃபெடிடா என்ற ரோஜா அது. லத்தீனில் அந்தப் பெயருக்கு நாற்றமடிக்கும் ரோஜா என்று அர்த்தம். பூவின் வாசனை பலருக்குப் பிடிக்காது. ஆனால் நிறம் மட்டும் அப்படியொரு அடர் மஞ்சள். அதன் அடுக்கு இதழ் ரகத்தை, பாரசீகத்தில் இருந்த பிரிட்டிஷ் தூதர் ஹென்றி வில்லாக் 1830-களில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். தோட்டக்காரர்கள் அதைப் பாரசீக மஞ்சள் என்று அழைத்தார்கள்.

அதில் ரெண்டு சிக்கல்கள். வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான் பூக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், மற்ற ரோஜாக்களோடு கலந்தால் விதையே பிடிக்காது. மகரந்தம் கிட்டத்தட்ட மலடு. அதனால் முயன்ற பலரும் கைவிட்டிருந்தார்கள்.

ஆயிரக்கணக்கான பூக்கள், கை நிறையாத விதைகள்

1883-ல் பெர்னே-டூஷே இந்த வேலையில் இறங்கினார். அப்போது அவருக்கு 24 வயதுகூட நிரம்பவில்லை.

வேலை கேட்பதற்கு எளிது. தாய்ச் செடியின் மொட்டு விரிவதற்கு முன்பே இதழ்களைப் பிரித்து, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளை அகற்ற வேண்டும். தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்து, சூல்முடியில் தடவ வேண்டும். வேறு மகரந்தம் படாமல் பூவை மூட வேண்டும். காய் பிடித்தால் அது பழுக்கும்வரை காத்திருந்து, விதை எடுத்து, விதைத்து, முளைக்கிறதா என்று பார்க்க வேண்டும். முளைத்த செடி பூக்கும்வரை எந்த நிறம் வரும் என்று யாருக்கும் தெரியாது.

இதை ஒரு பருவம் இல்லை, தொடர்ந்து பல பருவங்கள், ஆயிரக்கணக்கான பூக்களில் செய்தார். ஒவ்வொரு வருஷமும் கிட்டத்தட்ட எல்லாமே தோல்வி. மிகச் சில விதைகள்தான் தேறின.

தேறியவற்றில் ஒரு கலப்பு, மாமனார் வீட்டுப் பண்ணையின் அன்ட்வான் டூஷே என்ற சிவப்பு ரோஜாவுக்கும் பாரசீக மஞ்சளுக்கும் நடந்தது. அதில் பிறந்த ஒரு செடிதான் அவர் வாழ்க்கையை மாற்றியது. 1898-ல் லியோனில் அதைக் காட்சிக்கு வைத்தார். 1900-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். சொலெய் தோர் என்று பெயர் வைத்தார். தங்கச் சூரியன் என்று அர்த்தம்.

உண்மையில் அது சுத்த மஞ்சள் இல்லை. ஆரஞ்சும் மஞ்சளும் சிவப்பும் குழைந்த நிறம். ஆனால் பாரசீகத்து நிறம் தோட்ட ரோஜாவின் ரத்தத்தில் முதல்முறையாகக் கலந்துவிட்டது. மீண்டும் மீண்டும் பூக்கும் ரகங்களோடு அதைத் திரும்பத் திரும்பக் கலந்து, 1910-ல் ரேயோன் தோர் என்ற பளிச் மஞ்சள் ரோஜாவைக் கொடுத்தார். முதல் செயற்கை மகரந்தச் சேர்க்கையில் இருந்து அந்த மஞ்சளுக்கு வந்து சேர 27 வருஷம்!

இந்த வம்சத்துக்கு அவர் பெயரிலேயே பெர்னேஷியானா என்று ஒரு தனி வகுப்பு உருவானது. இன்று நாம் பார்க்கும் அடர் மஞ்சள், ஆரஞ்சு, பவள நிற ரோஜாக்களில் பெரும்பாலானவற்றின் பாட்டன் வீடு அதுதான்.

நிறத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது

இங்கேதான் கதையில் சிக்கல்.

கரும்புள்ளி நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சை. இலையில் தண்ணீர் தங்கினால்தான் அதன் வித்து முளைத்து உள்ளே இறங்க முடியும். தொடர்ந்து சுமார் 7 மணி நேரம் இலை ஈரமாக இருந்தாலே போதும். மேற்கு ஆசியாவின் வறண்ட நிலத்தில் வளர்ந்த செடிக்கு அப்படி ஒரு நிலைமை அடிக்கடி வராது. அந்த எதிரியோடு சண்டை போட்டுப் பழக வேண்டிய தேவை குறைவு.

அதே வம்சம் அடிக்கடி மழை பெய்யும் ஐரோப்பியத் தோட்டங்களுக்கு வந்தபோது பலவீனம் வெளியே தெரிந்தது. பெர்னேஷியானா ரோஜாக்கள் கரும்புள்ளிக்குச் சுலபமாக இரையாயின. இலை சீக்கிரம் கொட்டியது. கிளைகள் நுனியிலிருந்து கருகி வந்தன. கத்தரித்தால் சில ரகங்கள் தாங்கவில்லை. நிறத்தைப் பார்த்து வாங்கியவர்கள், ரெண்டு மூணு வருஷத்தில் செடியை இழந்தார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கரும்புள்ளி நோயை பெர்னே-டூஷே கொண்டுவரவில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே, 1815-ல் ஸ்வீடனில் எலியாஸ் ஃப்ரீஸ் அந்தப் பூஞ்சையைப் பதிவு செய்துவிட்டார். நோய் ஏற்கெனவே இருந்தது. அதற்கு எளிதில் மடியும் குணம்தான் மஞ்சள் நிறத்தோடு சேர்ந்து பரவியது. அந்த மஞ்சளைத் தேடி உலகம் முழுக்க எல்லோரும் இந்த வம்சத்தையே பயன்படுத்தியதால், பின்னால் வந்த சிவப்பு, ரோஸ் ரகங்கள் பலவற்றுக்குள்ளும் அது புகுந்துவிட்டது.

இன்னொரு ஒற்றுமை. பெர்னே தூரிகையோடு பூக்களுக்கு நடுவே அலைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், பிரான்ஸின் இன்னொரு மூலையில் போர்டோ நகரப் பேராசிரியர் மில்லார்டே, திராட்சைக் கொடியின் அடிச்சாம்பல் நோய்க்கு மயில் துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தை 1885-ல் அறிவித்தார். நம் விவசாயிகள் இன்றும் அடிக்கும் போர்டோ கலவை அதுதான். ஒரே நாடு, ஒரே காலம். ஒருவர் பூஞ்சைக்கு மருந்து கண்டுபிடிக்கிறார். இன்னொருவர் தெரியாமலே பூஞ்சைக்கு விருந்து தயாரிக்கிறார்.

புகழின் உச்சி

மஞ்சளுக்கு முன்பே அவர் பெரிய பெயர்தான். 1890-ல் அவர் வெளியிட்ட ரோஸ் நிறப் பூ, கரோலின் டெஸ்டூ என்ற ஆடை வடிவமைப்பாளரின் பெயரில் வந்தது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரம் தெருவோரங்களில் அந்தச் செடியை ஆயிரக்கணக்கில் நட்டது. ரோஜா நகரம் என்ற அடையாளம் அந்த ஊருக்குக் கிடைத்ததில் இந்தப் பூவுக்குப் பங்கு உண்டு.

1912-ல் லண்டனில் நடந்த சர்வதேசத் தோட்டக்கலைக் கண்காட்சியில் அவருடைய பவள நிற ரோஜா எல்லோரையும் நிற்கவைத்தது. அந்தப் பூவுக்குத் தன் பெயரை வைக்க டெய்லி மெயில் நாளிதழ் விரும்பியது. பெர்னேயோ லியோன் மேயர் எதுவார் எரியோவின் மனைவி பெயரை அதற்கு முடிவு செய்திருந்தார். கடைசியில் ரெண்டு பெயருமே சேர்ந்து ஒட்டிக்கொண்டன.

அதே 1912-ல்தான், அமெரிக்க ஆய்வாளர் ஃபிரடெரிக் உல்ஃப் கரும்புள்ளிப் பூஞ்சையின் முழு வாழ்க்கைச் சுழற்சியை விளக்கி, டிப்ளோகார்பன் ரோசே என்று பெயரிட்டார்.

1914

52 வயதில் உலகப் புகழ். கூடவே தொழிலை எடுத்து நடத்த ரெண்டு மகன்கள், கிளோடியஸ், ஜார்ஜ். மூன்றாவது தலைமுறை தயார். அப்பா மனதில் வேறென்ன வேண்டும்?

1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் தொடங்கியது. ரெண்டு பேரும் போர்முனைக்குப் போனார்கள். அந்த வருஷமே ரெண்டு பேரும் கொல்லப்பட்டார்கள்.

பெர்னே பண்ணையை மூடவில்லை. மகரந்தத் தூரிகையைக் கீழே வைக்கவும் இல்லை. 1920-ல் ஒரு புதிய ரோஜாவை வெளியிட்டார். நடுவில் அடர்ந்து, வெயிலிலும் நிறம் தாங்கும் மஞ்சள். வாழ்நாள் முழுக்க அவர் தேடிய மஞ்சளுக்கு மிக அருகில் வந்த பூ. அதற்கு கிளோடியஸ் பெர்னே நினைவு என்று பெயர் வைத்தார். அடுத்த வருஷம் வந்த பூவுக்கு ஜார்ஜ் பெர்னே நினைவு.

வாரிசு இல்லாத பண்ணையை 1924-ல் ஜான் கோஜார் என்ற இளைஞரிடம் ஒப்படைத்தார். 1928-ல் பெர்னே-டூஷே இறந்தார். வயது 69.

இறந்த பிறகும் தொடர்ந்த வம்சம்

மகன் பெயரைத் தாங்கிய அந்த மஞ்சள் ரோஜாவை உலகம் முழுக்க எடுத்துக் கலந்தார்கள். லியோன் பக்கத்திலேயே ஃபிரான்சிஸ் மெய்லாண்ட் 1930-களில் உருவாக்கிய ஒரு ரோஜாவின் வம்சாவளியில் கிளோடியஸ் பெர்னே நினைவு இருக்கிறது. அந்த ரோஜாவுக்கு 1945 ஏப்ரல் 29 அன்று அமெரிக்காவில் பெயர் சூட்டினார்கள். பெயர், பீஸ். அமைதி என்று அர்த்தம். அதே வருஷம் ஐ.நா. சபையை உருவாக்க சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய நாட்டுப் பிரதிநிதிகளுக்கு அந்தப் பூ கொடுக்கப்பட்டது. போரில் செத்துப்போன ஒரு பையனின் பெயரில் இருந்த பூவின் வாரிசு, இன்னொரு போரின் முடிவில் அமைதியின் அடையாளம் ஆனது. இதை பெர்னே பார்க்கவில்லை.

1930-களுக்குப் பிறகு பெர்னேஷியானா என்ற தனி வகுப்பு மறைந்துவிட்டது. மற்ற ரோஜாக்களோடு கலந்து கலந்து, ஹைபிரிட் டீ என்ற பெரிய குடும்பத்துக்குள் அது கரைந்துவிட்டது. நர்சரியில் நாம் வாங்கும் பெரிய பூ ரோஜாக்களில் பெரும்பாலானவை அந்தக் குடும்பம்தான். கூடவே அந்தப் பலவீனமும்.

அப்போ, நம்ம செடிக்கு என்ன செய்வது?

நோயின் வழி தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பூஞ்சை வித்து தண்ணீர்த் துளி தெறித்துத்தான் இலைக்கு இலை தாவுகிறது. இலை ஈரமாக இருக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் நம் ஆயுதம்.

● தண்ணீரை வேரில் ஊற்றுங்கள், இலை மேல் வேண்டாம். காலையில் ஊற்றுவது நல்லது. சாயங்காலம் நனைந்த இலை விடியும்வரை காயாது.

● தொட்டிகளை நெருக்கி அடுக்காதீர்கள். நடுவில் காற்று போக வேண்டும். குறைந்தது 6 மணி நேர வெயில் கிடைக்கிற இடமாக இருக்கட்டும்.

● புள்ளி விழுந்த இலையை உடனே கிள்ளி எடுங்கள். கீழே உதிர்ந்ததையும் பொறுக்குங்கள். பூஞ்சை அதில்தான் காத்திருக்கும். செடிக் குப்பைதானே என்று அதே தொட்டியில் போட்டுவிடாதீர்கள்.

● கத்தரிக்கும்போது நடுவில் பின்னிக்கிடக்கும் கிளைகளை முதலில் எடுங்கள். கருகிய நுனியை, பச்சை தெரியும் இடம்வரை வெட்டுங்கள். கத்தரிக்கோலைத் துடைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள்.

● மருந்து அடிப்பது வருமுன் காக்கத்தான். விழுந்த புள்ளி எந்த மருந்துக்கும் மறையாது. புது இலைகளைக் காப்பாற்றலாம். மழைக்காலம் தொடங்கும்போதே மாங்கோசெப் போன்ற பூஞ்சாணக் கொல்லியை, பாக்கெட்டில் உள்ள அளவை மீறாமல், கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி அடிக்கலாம். தாமிர மருந்துகளில் கவனம் தேவை. குளிர்ந்த, ஈரமான வானிலையில் அவை ரோஜா இலையையே கருக்கக்கூடும்.

● இலை மேல் வெள்ளையாக மாவு பூசியது போல இருந்தால் அது கரும்புள்ளி இல்லை, சாம்பல் நோய். அது வேறு பூஞ்சை. அதற்கு இலை ஈரமே தேவையில்லை. பகலில் வறண்டு, இரவில் குளிர்ந்து ஈரப்பதம் ஏறும் நாட்களில் வரும். அதற்கு நனையும் கந்தகத்தூள் உதவும். ஆனால் கடும் வெயில் நாட்களில் அடித்தால் இலை கருகும்.

முக்கியமான இன்னொன்று, ரகத் தேர்வு. பூவை மட்டும் பார்த்து வாங்காமல், மழைக்காலத்தில் ஒருமுறை நர்சரிக்குப் போய்ப் பாருங்கள். எந்தச் செடி மழையிலும் அடி இலை கொட்டாமல் நிற்கிறதோ, அதை வாங்குங்கள். நிறத்தை விட இலை நிறைய உண்மை சொல்லும்.

இன்னும் முடியாத வேலை

இன்று உலகம் அந்தக் கணக்கைத் திருத்தப் பார்க்கிறது. ஜெர்மனியில் புது ரோஜாக்களைப் பூஞ்சை மருந்தே அடிக்காமல் சில வருஷங்கள் வளர்த்துப் பார்த்து, தாங்கினால்தான் ஏடிஆர் என்ற முத்திரை கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 2000-ல் வந்த நாக் அவுட் ரோஜா, கரும்புள்ளியைத் தாங்கி நிற்பதாலேயே பெரிய அளவில் விற்றது.

பெர்னே-டூஷே செய்தது தவறா? அவர் தேடியது ஒரு நிறத்தை. கிடைத்ததும் உலகமே வரிசையில் நின்று வாங்கியது. பூவைப் பார்த்துத்தான் பரிசு கொடுத்தார்கள், பூவைப் பார்த்துத்தான் காசு கொடுத்தார்கள். இலை எத்தனை நாள் நிற்கும் என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அந்த விலையை நூறு வருஷம் கழித்து நாம் மாடியில் நின்று கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த மழையில் உங்கள் மஞ்சள் ரோஜாவில் முதல் கரும்புள்ளி தெரிந்தால், கோபப்பட்டுச் செடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த இலையைக் கிள்ளி எடுங்கள். தொட்டியைக் கொஞ்சம் வெயிலுக்கு நகர்த்துங்கள். அந்த மஞ்சளுக்காக ஒருவர் 27 வருஷம் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார். நாம் ஒரு மழைக்காலம் பொறுக்கலாம்.